பிரட்டுக்களத்தில் தொர, ரிங்கில் டைசன்

எஹலியகொட பஸ் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிற சலூனில், ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் உட்கார இடம் கிடைக்காது. தோட்டத்திலிருந்து இறங்கி வந்த பையன்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் டைசனின் பழைய சண்டை ஒன்று. அவர்கள் பிறப்பதற்கு ரொம்ப முந்தியது. என் பக்கத்தில், வாழ்நாளெல்லாம் இறப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் தன் முறைக்குக் காத்திருந்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"டைசன் தாத்தா. பொக்ஸிங்காரன். இப்பதான் ரிங்குக்கு வர்றான், பாருங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்க பழைய பெரிய தொர பிரட்டுக்கு வர்ற மாதிரியே வர்றானே" என்றார், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு வரும் தோட்ட முகாமையாளரை நினைத்து. "அவரு யாரையும் அடிச்சு நான் பாத்ததில்ல. சத்தம் போட்டும் கேட்டதில்ல. ஆனா பங்களா ரோட்டுல பூட்ஸ் சத்தம் கேட்டா போதும், பொம்பளையாளுக பேச்ச நிறுத்திருவாங்க. எனக்கு வயித்தக் கலக்கும். ஒரு தப்பும் செஞ்சிருக்க மாட்டேன். இருந்தாலும் கலக்கும்."

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குத்துச்சண்டையில் மிரட்டல் எப்படி வேலை செய்கிறது என்று விளையாட்டு உளவியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை, பெரியவர் அந்த ஒரு சொல்லில் முடித்துவிட்டார். வயிற்றைக் கலக்குதல்.

போனில் ஓடியது 1988 ஜூன் 27ஆம் திகதி அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சண்டை. எதிரே நின்ற மைக்கல் ஸ்பிங்க்ஸ் சாதாரண ஆளில்லை. 1976 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். தொழில்முறைச் சண்டை 31இலும் வெற்றி.  மற்றவர்கள் பளபளக்கும் பட்டு அங்கி போட்டு வருகிற மேடைக்கு டைசன் வருகிற விதமே வேறு. அங்கி கிடையாது, காலுறை கிடையாது. கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து. வந்ததும் கூண்டில் விட்ட புலி மாதிரி இங்கும் அங்கும் நடப்பார். கண் மட்டும் எதிராளியை விட்டு அசையாது. ஸ்பிங்க்ஸின் முகத்தை அந்தப் பழைய வீடியோவில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மணி அடிக்கும் முன்பே ஆள் பாதி அங்கே இல்லை. 91 வினாடி. இரண்டு தரம் விழுந்தார், அதோடு சரி. அதன்பிறகு அவர் ரிங்கில் இறங்கவே இல்லை.

வயிறு கலங்குவது வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் படபடக்கிறது. சாப்பாட்டைச் செரிக்க இது நேரமில்லை என்று குடலுக்குப் போகிற இரத்தம் குறைக்கப்பட்டு, கை கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கெனன் நூறு வருஷங்களுக்கு முன்பே இதை விளக்கிவிட்டார். சண்டை போடு, இல்லாவிட்டால் ஓடு என்பதற்கான ஏற்பாடு இது. அப்படியானால் சண்டைக்காரனுக்கு இது நல்லதுதானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு நல்லதுதான். அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு நான் அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. எங்கள் மலைக்குப் போனால் போதும்.

பால் வெட்டப் பழகும் புதுக் கையைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டையைச் சீவிக்கொண்டே போகவேண்டும், ஆனால் கட்டையைத் தொடக்கூடாது. நடுவிலுள்ள மெல்லிய வளர்படையில் கத்தி பட்டால் மரத்துக்குக் காயம். ஆறினாலும் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. வெட்டுக்கத்தியை இறுக்கிப் பிடித்தால் ஆழமாக இறங்கிவிடும். மணிக்கட்டைத் தளர்த்தி, இழுத்து விட வேண்டும். தனியாக நிற்கும்போது புதுக் கை ஒழுங்காகத்தான் வெட்டும். கங்காணி பின்னால் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அடுத்த மரத்தில் காயம் விழும். 

குத்தும் அப்படித்தான். கையை நீட்டிக் குத்தும்போது மேற்கையின் பின்பக்கத் தசை சுருங்க வேண்டும், முன்பக்கத் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். பயந்தவன் உடம்பில் இரண்டும் சேர்ந்து இறுகுகின்றன. கைப்பிரேக்கைப் போட்டுக்கொண்டே லொறியை ஓட்டுவது மாதிரி. குத்து தாமதமாகப் போய்ச் சேரும், எண்ணெயும் வீணாகும். ஸ்பிங்க்ஸ் மாதிரி தேர்ந்த வீரனே முதலாம் சுற்றில் களைத்தவன் போல நிற்பதற்கு இது ஒரு காரணம். கூடவே பார்வையும் குறுகிப் போகும். எதிராளியின் வலக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பான், இடக்கை எங்கிருந்து வந்தது என்று விழுந்த பிறகுதான் யோசிப்பான்.

ஆக, மிரட்டுகிறவன் எதிராளிக்கு ஒன்றும் செய்வதில்லை. எதிராளியின் தசைகளை ஒன்றோடொன்று சண்டை போட விட்டுவிடுகிறான். 

இந்தத் தந்திரம் மனிதன் கண்டுபிடித்ததில்லை. ஸ்கொட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களை வருஷக்கணக்காகக் கவனித்த டிம் கிளட்டன்-புரோக்கும் ஸ்டீவ் அல்பனும் 1979இல் எழுதினார்கள்: கடா மான்கள் எடுத்தவுடன் கொம்பை மாட்டிக்கொள்வதில்லை. முதலில் மாறி மாறி உறுமுகின்றன. யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் அருகருகே இணையாக நடந்து ஒன்றையொன்று அளவெடுக்கின்றன. அதிலும் தீராவிட்டால்தான் முட்டல். பெரும்பாலான வழக்குகள் உறுமலோடு முடிந்துவிடும். களைத்த மானால் தொடர்ந்து உறுமிக்கொண்டிருக்க முடியாது என்பதால் அந்தச் சத்தம் ஓரளவு நம்பகமான சான்றிதழ்.

நமக்கு மானைவிட யானை பழக்கம். கேகாலைப் பக்கம் போனால் யானைக்காரர்களே சொல்வார்கள், மதம் ஒழுகுகிற ஆண் யானையின் முன் மற்ற யானை நிற்காது என்று. கென்யாவின் அம்போசெலியில் ஆபிரிக்க யானைகளை ஆராய்ந்த ஜொய்ஸ் பூல் காட்டியதும் அதுதான்: மதம் பிடித்திருக்கும் சிறிய ஆண், மதம் இல்லாத தன்னைவிடப் பெரிய ஆணை விலக வைத்துவிடுகிறது. பெரியதற்குப் பலம் இல்லாமலில்லை. ஆனால் எதிரில் நிற்பவன் இன்றைக்கு எதற்கும் துணிந்து வந்திருக்கிறான் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது, கணக்குப் போட்டு ஒதுங்குகிறது. டைசனின் உயரம் 178 சென்ரிமீற்றர். அதிபார வகுப்பில் அது குள்ளம். அவர் எதிர்கொண்டவர்களில் பெரும்பாலானோர் அவருக்கு மேலே அரை அடி வரை நிமிர்ந்து நின்றவர்கள். அவர் காட்டியது உடம்பை இல்லை, மதத்தை.

இங்கேதான் காட்டுக்கும் ரிங்குக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். காட்டில் மிரட்டல் இருப்பதே சண்டையைத் தவிர்க்கத்தான். தோற்றவன் காட்டுக்குள் போய்விடலாம். ரிங்கில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ரிக்கெட் விற்று, நாலு பக்கமும் கயிறு கட்டியாகிவிட்டது. மிரண்டவனும் மணி அடித்தால் நடுவுக்கு வந்தே ஆகவேண்டும். எனவே மிரட்டலுக்கு அங்கே ஒரு தவணைதான் உண்டு. முதல் சில நிமிடம். அதற்குள் ஆளைச் சாய்த்துவிட்டால் நல்லது. சாய்க்காவிட்டால் எதிராளியின் உடம்பு, "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தொடங்கிவிடும். அடி வாங்கியும் உயிரோடுதான் இருக்கிறோம் என்ற செய்தி மூளைக்குப் போனதும் அட்ரினலின் வெள்ளம் வடிகிறது, கை தளர்கிறது, இடக்கை கண்ணுக்குத் தெரிகிறது.

சரித்திரத்தைப் புரட்டினால் இந்தத் தவணை கண்கூடு. சொனி லிஸ்டன் 1962இலும் 1963இலும் புளோயிட் பேட்டர்சனை இரண்டு தடவையும் முதலாம் சுற்றிலேயே வீழ்த்தினார். முதல் தோல்விக்குப் பிறகு பேட்டர்சன், யாரும் அடையாளம் காணாதிருக்க ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். சாய்ந்தது ஓர் உலக சாம்பியன்! ஜோர்ஜ் போர்மன் 1973இல் ஜோ பிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு தடவை விழுத்தினார். ஆனால் லிஸ்டனிடம் ஆறு சுற்று நின்று கசியஸ் கிளேயாகவும், போர்மனிடம் எட்டுச் சுற்று நின்று முஹம்மது அலியாகவும் வென்றது ஒரே ஆள். இதில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். லிஸ்டனும் போர்மனும் முறைத்ததால் வென்றார்களா, மலையைப் பெயர்க்கிற குத்து கையில் இருந்ததால் வென்றார்களா? இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. குத்து இல்லாதவனின் முறைப்புக்கு வெத்து வேட்டு என்று பெயர். அது முதலாம் சுற்றைக்கூடத் தாங்காது.

கிளே செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மிரட்டுகிறவனையே மிரட்டின கதை அது. லிஸ்டன் குத்துச்சண்டை கற்றது சிறைச்சாலையில். பேச மாட்டார், சிரிக்க மாட்டார், உற்றுப் பார்ப்பார். அங்கிக்குள் துவாய்களைத் திணித்து உடம்பை இன்னும் பெரிதாகக் காட்டுவார் என்று சொல்வார்கள். 22 வயது கிளேக்கு எதிராகப் பந்தயம் ஏழுக்கு ஒன்று. பத்திரிகையாளர்கள் 46 பேரில் 43 பேர் லிஸ்டன்தான் என்று எழுதிவிட்டார்கள். கிளேயோ இரவு ஒரு மணிக்கு பஸ் எடுத்துப் போய் லிஸ்டன் வீட்டு வாசலில் நின்று கத்தினார். கரடி என்று கேலி செய்தார். கவிதை பாடினார். இந்த வாய்ச்சவடாலை அவர் 'கோர்ஜஸ் ஜோர்ஜ்' என்ற மல்யுத்தக்காரரிடம் பார்த்துக் கற்றிருந்தார். வாயடிக்கிறவன் தோற்பதைப் பார்க்கவாவது சனம் காசு கொடுத்து வரும் என்பது ஜோர்ஜின் பாடம்.

1964 பெப்ரவரி 25 காலை, மியாமி பீச்சில் எடை பார்க்கும் சடங்கு. கிளே பேய் பிடித்தவன் போலக் கத்துகிறார், துள்ளுகிறார், ஆட்கள் பிடித்து இழுக்கிறார்கள். 2,500 டொலர் தண்டம் போட்டார்கள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 120. வழமையில் 54 அடிக்கிற நாடி. இரத்த அழுத்தம் 200க்கு 100. பையன் செத்துப்போகிற அளவுக்குப் பயந்திருக்கிறான், இப்படியே இருந்தால் சண்டையை நிறுத்த வேண்டிவரும் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய சொந்த வைத்தியர் பார்த்தபோது நாடி பழைய 54க்கு இறங்கியிருந்தது. அலி பிற்காலத்தில் கொடுத்த விளக்கம் சுவையானது. சிறையில் இருந்தவன் முரடனுக்குப் பயப்பட மாட்டான், பைத்தியக்காரனுக்குத்தான் பயப்படுவான், ஏனென்றால் பைத்தியம் அடுத்து என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று இரவு ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியைவிட்டு எழும்பவில்லை. தோளில் காயம் என்றார்.

நாடி 120க்கு ஏறியது நடிப்பாலா, பயத்தாலா? இரண்டும்தான் என்பது என் ஊகம். ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட பரிசோதனைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. மேடையில் பாடவோ பேசவோ போகிறவர்களிடம், பதற்றத்தை அடக்கி அமைதியாக இருங்கள் என்று சொல்வதைவிட, எனக்கு உற்சாகமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது அவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயம் அடிப்பதை நிறுத்த முடியாது. அதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது நம் கையில். உளவியலாளர் ஜிம் பிளாஸ்கோவிச்சும் கூட்டாளிகளும் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒரு நெருக்கடியை 'என்னால் முடியும்' என்று எடுத்துக்கொள்கிறவனுக்கு இதயம் வேகமாக அடிக்கும்போது இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன. 'என்னை மீறியது' என்று எடுத்துக்கொள்கிறவனுக்கும் இதயம் அதே வேகத்தில்தான் அடிக்கிறது, ஆனால் குழாய்கள் இறுகியே நிற்கின்றன. வெளியில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். கிளேயின் நாடியை எண்ணிய வைத்தியர் பிசகியதும் அதனால்தான்.

பையன்கள் போனில் அடுத்த வீடியோவுக்குத் தாவியிருந்தார்கள். பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் டான்சிங் ரோஸ் வருகிற இடம். 2021இல் அந்தப் படம் வந்தபோது லயத்து வாசலில் எத்தனை பேர் அந்தக் காலடியைப் பழகி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். உடம்பை வளைத்து, கையைத் தொங்கவிட்டு, எதிராளியை ஆளே இல்லை என்பது போல ஆடுகிற அந்தப் பாத்திரம், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் யெமன் பெற்றோருக்குப் பிறந்த நசீம் ஹமீதை நினைவூட்டும். சிறுத்தைப்புலித் தோல் நிறக் காற்சட்டை, கயிற்றுக்கு மேலால் குட்டிக்கரணம், பறக்கும் கம்பளத்தில் வருகை. அவரது மிரட்டல் அவமதிப்பு வகை: உன்னோடு விளையாடுகிறேன், பார் என்பது. 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் மெக்சிக்கோவின் மார்க்கோ அன்டோனியோ பரேரா அந்த விளையாட்டுக்கு வரவே இல்லை. கோபப்படவில்லை, சிரிக்கவில்லை, பன்னிரண்டு சுற்றும் தன் வேலையைப் பார்த்தார். ஹமீதின் முதல் தோல்வி அது. கடைசியும் அதுதான், அதன்பின் ஒரே ஒரு சண்டையோடு ஒதுங்கிவிட்டார்.

அந்தப் படத்தின் களமான வடசென்னைக் குத்துச்சண்டையில், மிரட்டுகிற பேர் தனி ஆளுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. சார்பட்டா, இடியப்ப பரம்பரை என்று குழுவின் பேரோடுதான் மேடை ஏறுவார்கள். முன்னால் நிற்பவனை மட்டுமா, அவனுக்கு முன் அந்தப் பேரில் நின்ற எல்லோரையும் சேர்த்துத்தான் எதிராளி பார்க்க வேண்டியிருந்தது. ரோஷம் என்பதை அங்கே ஒரு சண்டைமுறையின் பேராகவே சொன்னார்கள். அலி 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது கூடிய கூட்டத்தை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லி மாளவில்லை. அலிக்கு அப்போது 38 வயது, உடம்பு பெருத்துவிட்டது. கூட்டம் பார்க்க வந்தது பேரை.

பேருக்கு எதிரே நிற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தியாவிலிருந்தே கிட்டத்து உதாரணம் உண்டு. 2019 டிசம்பரில் டெல்லியில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும் சண்டை. ஒரு பக்கம் ஆறு தடவை உலக சாம்பியனான மேரி கோம். மறுபக்கம், நேர்மையாக ஒரு சண்டை வையுங்கள் என்று அமைச்சருக்கே கடிதம் எழுதிக் கேட்டிருந்த 23 வயது நிகத் ஸரீன். கேட்டது கிடைத்தது, சண்டையில் 9-1 என்று தோற்றார். முடிந்ததும் மேரி கோம் கையைக்கூடக் கொடுக்கவில்லை. அது சரியா என்று சனம் இரண்டு பட்டது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மூத்தவரின் பக்கம் நின்று பார்த்தால், அந்தக் கைகொடுக்காமையும் சண்டையின் ஒரு பகுதிதான், மணி அடித்தபிறகும் நடந்த பகுதி. நிகத் 2022இல் இஸ்தான்புல்லிலும் 2023இல் டெல்லியிலும் உலக சாம்பியன் ஆனார்.

இனி ஆய்வகத்துப் பக்கம். சண்டைக்கு முதல்நாள் இரண்டு வீரர்களையும் மூக்கோடு மூக்கு நிறுத்திப் படம் எடுப்பார்கள். மைக்கல் கிராவுஸும் டேவிட் சென்னும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியாளர்கள் 152 பேரின் அத்தகைய படங்களை எடுத்து, யார் எவ்வளவு சிரிக்கிறார் என்று அளந்தார்கள். கூடச் சிரித்தவர் அடுத்த நாள் தோற்கிற வாய்ப்பு கூட. சிரித்ததால் தோற்றார் என்று ஆய்வு சொல்லவில்லை. தன் நிலையைத் தானே உள்ளூர அறிந்தவனின் முகத்தில் அது கசிந்துவிடுகிறது என்பதே அவர்களது கருத்து. இதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, தோளைக் குறுக்கி, தொரைக்கு முன் எங்கள் சனம் சிரித்த சிரிப்பை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதில் சந்தோஷம் ஒரு பொட்டும் இருக்காது.

இன்னோர் ஆய்வின் கதை வேறு மாதிரி முடிந்தது. அமெச்சூர் குத்துச்சண்டையில் ஒருவர் சிவப்பு மூலை, மற்றவர் நீல மூலை. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை, டைக்வாண்டோ, மல்யுத்த முடிவுகளை எடுத்துப் பார்த்த டர்ஹம் பல்கலைக்கழகத்தின் ரசல் ஹில்லும் ரொபர்ட் பார்ட்டனும், சிவப்பு 55 சதவீதம் வென்றிருக்கிறது என்று 2005இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சிவப்பு என்றால் கோபத்தில் ஏறும் இரத்தம், ஆதிக்கம், மிரட்டல் என்று உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. 2008இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் 42 டைக்வாண்டோ நடுவர்களுக்கு ஒரே காட்சியை நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டியபோது, சிவப்புக்கு 13 சதவீதம் கூடுதலாகப் புள்ளி விழுந்தது. மிரண்டது எதிராளி இல்லை, நடுவர் போலிருக்கிறது! பிறகு 1996 முதல் 2020 வரையான பெரிய போட்டிகளில் 6,500க்கும் மேற்பட்ட சண்டைகளைச் சேர்த்து எண்ணினார்கள். சிவப்பின் வெற்றி 50.5 சதவீதம். அதாவது காசைச் சுண்டிப் போட்ட மாதிரி. மிரட்டலைப் பற்றிய கதைகள் நமக்கு ஏனோ ரொம்பப் பிடிக்கின்றன. சின்னக் கணக்கில் தெரிந்ததைப் பெரிய உண்மை என்று எடுத்துக்கொள்ள அது ஒரு காரணம்.

சத்தமில்லாத முகமும் ஒரு வேஷம்தான். ஜோ லூயிஸ் 1930களில் மேலே வந்தபோது அவரது முகாமையாளர்கள் கறாராகச் சட்டம் போட்டார்கள். விழுந்த வெள்ளையனுக்கு மேலே நின்று சிரிக்கக்கூடாது, வெள்ளைப் பெண்ணோடு படம் எடுக்கக்கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. கறுப்பன் சாம்பியனாக இருக்க அந்த நாடு வைத்த விலை அது. ஆனால் அந்தக் கல்முகம் ரிங்குக்குள் வேறு விதமாக வேலை செய்தது: அடி பட்டதா, வலித்ததா, களைத்ததா என்று எதிராளிக்கு ஒரு தகவலும் போகவில்லை. 1938 ஜூனில் மக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடியில் முடித்தார்.  

மிரட்டுகிறவனின் உள்ளே என்ன நடக்கிறது? போர்மன் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது. 1973இல் பிரேசியரோடு முகத்துக்கு முகம் முறைத்து நின்றபோது அவருடைய முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தனவாம். இவன் கண்ணை எடுத்துக் கீழே பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் அப்படி விடாமல் முறைத்தாராம். டைசனும் ஒளிக்கவில்லை. உடைமாற்றும் அறையிலிருந்து கிளம்பும்போது பயம். ரிங்கை நெருங்க நெருங்க நம்பிக்கை ஏறும். எதிராளி ஒரு நொடி கண்ணைத் தாழ்த்தினால் முடிந்தது வேலை என்று சொல்லியிருக்கிறார். அவரை வளர்த்த கஸ் டமாட்டோ பயத்தை நெருப்புக்கு ஒப்பிடுவார்: அடுப்பில் இருந்தால் சோறு, கூரையில் ஏறினால் சாம்பல்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கப் பையன்கள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். 1990 பெப்ரவரி 11. பஸ்டர் டக்ளஸ் என்ற பேரை அதற்குமுன் அதிகம் பேர் கேட்டதில்லை. பந்தயம் 42க்கு ஒன்று. சண்டைக்கு 23 நாளைக்கு முன் அவருடைய தாய் இறந்துபோனார். அந்த வீடியோவில் டைசன் வழக்கம்போல முறைக்கிறார். டக்ளஸின் கண் எங்கேயும் ஓடி ஒளியவில்லை. வீட்டில் பெரிய இழவு விழுந்தவனை எந்தத் தொரையின் பூட்ஸ் சத்தம் என்ன செய்யும்? அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது சினிமாக் கதை. டக்ளஸின் கை டைசனுடையதைவிட ஓரடி நீளம், அன்றைக்கு இடக்கையை அவர் ஓயாமல் நீட்டினார். டைசன் ஒழுங்காகப் பயிற்சி எடுத்திருக்கவில்லை. அவருடைய மூலையில் நின்றவர்கள் கண் வீங்கினால் அழுத்துவதற்கான குளிர் இரும்பைக்கூடக் கொண்டுவரவில்லை. தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண் வீங்கி மூடியபோது, ஒரு இறப்பர் கையுறையில் பனிநீரை நிரப்பி ஒத்தடம் கொடுத்தார்கள். டைசனின் பேரைக் கேட்டு மிரண்டவர்கள் எதிர்மூலையில் மட்டும் இல்லை, அவருடைய சொந்த மூலையிலும் அந்தப் பேரையே நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டாம் சுற்றில் டக்ளஸ் விழுந்து, ஒன்பது எண்ணும்போது எழுந்தார். பத்தாம் சுற்றில் விழுந்தது டைசன். பையன் போனை நிறுத்திவிட்டுப் பெரியவரிடம் நீட்டினான். உலகத்தையே மிரட்டிய ஆள் நாலு காலில் நின்று, தரையில் எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

"என்னத்தத் தம்பி தேடுறான்?"

"பல்லுக்கு வைக்கிறது தாத்தா. அடியில தெறிச்சிருச்சு."

பெரியவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். டைசன் அதைக் கண்டெடுத்து, ஒரு முனையை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு, மற்ற முனை வெளியே தொங்க, எழுந்து நிற்கப் பார்த்தார்.

"ஒழுங்காக்கூட வைக்கத் தெரியல பாரு" என்றார் பெரியவர், ஒருவித இரக்கத்தோடு. அதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது.